பேர் வெட்டாத தட்டு

புது மண்சட்டியை வாங்கி வந்த அன்றே அடுப்பில் ஏற்றக் கூடாது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கப் போட வேண்டும். மறுநாள் எடுத்து, அரிசி களைந்த கழனித்தண்ணீரை ஊற்றி, சிறுதீயில் கொதிக்கவிட்டு, ஆறும்வரை அப்படியே வைக்க வேண்டும். பிறகு உள்ளும் புறமும் எண்ணெய் தடவி வெயில் காட்டினால் சட்டி சமையலுக்குத் தயார். சட்டியைப் பழக்குவது என்று இதற்குப் பேர். எங்கள் அப்பத்தா ஒவ்வொரு புதுச் சட்டிக்கும் இதைச் செய்தாள். பழகாத சட்டியில் குழம்பு வைத்தால் மண்வாடை அடிக்கும், ரெண்டே மாதத்தில் விரிசல் விடும் என்பாள்.

ஜப்பானில் தொனாபே என்கிற மண்சட்டியை வாங்குகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். அரிசி களைந்த நீரையோ கஞ்சியையோ ஊற்றி, மெல்லக் கொதிக்கவைத்து, ஆறவிடுகிறார்கள். கஞ்சியின் மாவு மண்ணிலுள்ள நுண்துளைகளில் புகுந்து அடைத்துக்கொள்கிறது. அதன்பின் குழம்பின் எண்ணெயும் கறையும் எளிதில் உள்ளே இறங்குவதில்லை. கரடுமுரடான மண்ணில் செய்த சோற்றுக் கிண்ணங்களுக்கும் தட்டுகளுக்கும் அங்கே இதே வைத்தியம்தான். சோறு தின்கிற இரண்டு தேசத்துப் பெண்கள், ஒருவரையொருவர் பார்க்காமலே, தங்கள் கையில் தினமும் மிஞ்சுகிற தண்ணீரை வைத்து ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதை நான் முதலில் அறிந்தபோது அப்பத்தா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன்.

ஜப்பானில் அந்த வழக்கம் அறுபடவில்லை. எங்கள் பக்கம் என் கண் முன்னாலேயே அறுந்தது.

நான் பிறந்த ஊர் சின்னமனூருக்குப் பக்கம். அன்றைக்குத் தேனி மாவட்டம் என்று ஒன்று கிடையாது. 1996 வரை நாங்கள் மதுரை மாவட்டத்துக்காரர்கள். 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது. ஊருக்கு ஊர் கண்மாயும் குளமும் உண்டு. மழைத் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் அடித்துக்கொண்டு வருகிற வண்டல் அவற்றின் அடியில் படியும். கோடையில் கண்மாய் வற்றியதும் மண்பாண்டம் செய்கிற வேளார்கள் மாட்டுவண்டி கட்டிப் போய் அந்தக் களிமண்ணை வெட்டி வருவார்கள். எங்கள் சோறு விளைந்த தண்ணீர் கொண்டுவந்த மண்ணிலேயே அந்தச் சோற்றை வடித்தோம்.

அப்பத்தாவின் அடுப்படியில் இருந்தவற்றை இப்போதும் வரிசை மாறாமல் சொல்வேன். சோற்றுப்பானை, அதற்கு உலைமூடி. குழம்புச்சட்டி, கருவாட்டுக்கென்று தனிச்சட்டி, பருப்பு கடைகிற சட்டி. மோர்க்கலயம், நீச்சத்தண்ணிக் கலயம். உருண்டை அடிப்பானைகள் சாயாமலிருக்க வைக்கோலில் முறுக்கிய புரிமணைகள். மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குப்பானை. அடியில் பயறு, மேலே மல்லி, அதற்கும் மேலே சின்னப் பானையில் யாருக்கும் தெரியாத சில்லறை. கிண்டுவதற்குக் கொட்டாங்கச்சி அகப்பை. இரும்புக் கரண்டியை யாராவது சட்டிக்குள் விட்டால் அவளுக்குப் பொறுக்காது.

பானை சட்டிகளைக் கூடையில் அடுக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவருவது வேளார் வீட்டு அம்மாதான். திண்ணையில் இறக்கிவைத்ததும் அப்பத்தா ஒவ்வொன்றையும் இடது கையில் தூக்கி, வலது கை விரல்முட்டியால் தட்டிப் பார்ப்பாள். கணீரென்று கேட்டால் வெந்த சட்டி. பொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல், அல்லது சூளையில் வேக்காடு போதவில்லை.

"இது சரியா வேகலையே, வேளாரம்மா."

"அதை வச்சுருங்காத்தா. இந்தா, இதைத் தட்டிப் பாருங்க, கோயில் மணி கணக்கா இருக்கும்."

காசு கைமாறியதை நான் அதிகம் பார்த்ததில்லை. அறுப்பு முடிந்ததும் களத்தில் அவர்கள் பங்கு நெல்லை அளந்துபோட்டார்கள். நல்ல அறுப்பு என்றால் நாழி கூடும். மழை பொய்த்த வருசம் அவர்களுக்கும் குறைந்தது.

அந்தப் பானைகள் உருவாகிற விதத்தை நான் வேளார் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சக்கரத்தில் வருவது அடியில்லாத பானை. அதை நூலால் அறுத்தெடுத்து, கொஞ்சம் காயவிட்டு, உள்ளே ஒரு வழுவழுப்பான கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார்கள். தட்டத் தட்ட மண் இறுகும், சுவர் மெலியும், அடி உருண்டு வரும். சூளை என்பது தரையில் விறகும் வரட்டியும் பரப்பி, மேலே பானைகளை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, சேறு பூசி, புகை போக ஓட்டை விட்டுத் தீ வைப்பது. எரிந்து அணைந்த மறுநாள் சேற்றுமேட்டை உடைக்கும்போது அந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். எத்தனை உடைந்தது, எத்தனை தேறியது என்பது அப்போதுதான் தெரியும்.

இதையெல்லாம் இன்று சொல்லும்போது மனம் இளகுகிறது. ஆனாலும் அந்தக் காலத்தைக் குறையில்லாத காலமாக எழுத என்னால் முடியாது. மண்பாத்திரத்தின்மேல் சாதியின் கை இருந்தது. உலோகத்தைத் துலக்கினால் தீட்டுப் போகும், மண்ணில் தொட்ட தீட்டுப் போகாது என்று நம்பினார்கள். அதனால் 'தொடக் கூடாதவர்' தொட்ட பானையை உடைத்தார்கள். அந்த நம்பிக்கையின் மறுபக்கமாக டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. வயலில் நாற்று நட்டவர்களுக்குக் கொட்டாங்கச்சியில் ஊற்றினார்கள். ஒருவர் எந்தப் பாத்திரத்தில் குடிக்கிறார் என்பதை வைத்து அவர் எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். மண்சட்டிக்காக இன்று பெருமூச்சு விடுகிறவர்கள் இதையும் சேர்த்தே நினைவுகொள்ள வேண்டும்.

வீட்டுக்குள்ளும் ஒரு வரிசை இருந்தது. தாத்தாவுக்கு வெண்கலக் கும்பா. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வட்டில். பிள்ளைகளுக்கு அலுமினியத் தட்டு. எல்லாரும் தின்று எழுந்தபின் அப்பத்தாவும் அம்மாவும் குழம்புச்சட்டியிலேயே மிச்சச் சோற்றைப் போட்டுப் பிரட்டித் தின்பார்கள். சட்டிச் சோற்றின் ருசிக்காக நாங்கள் கெஞ்சி வாங்கிச் சாப்பிட்டோம். அவர்களுக்கென்று ஒரு தட்டு அந்த வீட்டில் இல்லை என்பது எனக்குப் பெரியவளான பிறகுதான் உறைத்தது.

ஆகவே எவர்சில்வர் வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அது உடையாது. மருமகள் கை தவறிவிட்டாள் என்று யாரும் ஏச முடியாது. சாம்பல் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். யார் தொட்டாலும் கழுவி வைக்கலாம். பழைய பட்டுச்சேலையைக் கொடுத்து எவர்சில்வர் அண்டா வாங்கிய அத்தைகள், உதிர்ந்த தலைமுடியைச் சேர்த்துவைத்து டம்ளர் வாங்கிய பெரியம்மாக்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். சேலம் உருக்காலை 1981-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டில் சீர்வரிசை என்றாலே எவர்சில்வர் என்றாயிற்று. பாத்திரக் கடையில் பேர் வெட்டிக் கொடுப்பார்கள். எங்கள் அம்மாவின் பேர் அச்சாகவோ எழுத்தாகவோ வேறெங்கும் பொறிக்கப்பட்டதில்லை. பெட்டியடுக்கு எவர்சில்வர் தட்டுகளின் விளிம்பில் மட்டும் புள்ளி புள்ளியாக இருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அவளுக்கென்று ஒரு தட்டு வந்தது.

மண்சட்டிகள் ஒரே நாளில் போகவில்லை. சித்தியைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா அவற்றைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டால் இல்லாதப்பட்ட வீடு என்று நினைத்துவிடுவார்கள். விருந்து முடிந்தும் அவை அடுப்படிக்குத் திரும்பவில்லை. ஒன்று கோழிக்குத் தண்ணீர் வைக்கப் பயன்பட்டது, ஒன்றில் துளசி வைத்தார்கள். கேஸ் அடுப்பு வந்த பிறகு உருண்டை அடிக்கு இடமே இல்லாமல் போயிற்று. வேளாரம்மா கூடையோடு தெருவில் வருவது எந்த வருசம் நின்றது என்று யாருக்கும் தெரியாது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

அடுத்து நான் மண்ணில் செய்த பாத்திரத்தைக் கையில் எடுத்தது 1990-களில், பாண்டிச்சேரியில். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தோழியோடு கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்கிற மண்பாண்டப் பட்டறைக்குப் போனேன். அலமாரிகளில் தட்டுகள், கிண்ணங்கள், தேநீர்க் கோப்பைகள், மூடியிட்ட ஜாடிகள். தவிட்டு நிறம், சாம்பல் பச்சை, கருநீலம். ஒரு கிண்ணத்தை எடுத்து, இடது கையில் வைத்து, விரல்முட்டியால் தட்டினேன். எங்கள் ஊர்ச் சட்டியைவிட உச்சமான, இறுகிய ஓசை. கிண்ணத்தின் அடியில் ஒரு சிறு வளையம். சுடு குழம்பு ஊற்றினாலும் அந்த வளையத்தைப் பிடித்துத் தூக்கலாம்.

அந்தப் பட்டறையை 1971-இல் தொடங்கியவர்கள் அமெரிக்கர்களான டெபோரா ஸ்மித், ரே மீக்கர். டெபோரா அதற்குமுன் ஜப்பானின் பிஸென் ஊரில் தொழில் பழகியவர். பிஸென் மண்பாண்டங்களில் மெருகுப் பூச்சே கிடையாது. நெல்வயல்களுக்கு அடியிலிருந்து தோண்டிய களிமண்ணை, ஒருவாரம் பத்துநாள் என்று விறகுத் தீயில் 1,200 பாகை செல்சியஸுக்கு மேல் வேகவைக்கிறார்கள். பானைகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க நடுவில் வைக்கோல் சுற்றுகிறார்கள். அந்த வைக்கோல் எரிந்த இடத்தில் செந்நிறக் கோடுகள் பதிகின்றன, அதுதான் அலங்காரம். நெல்வயல் மண், வைக்கோல், விறகு. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இவற்றில் எதற்குப் பஞ்சம்?

பாண்டிச்சேரியில் அவர்கள் சவுக்கு விறகு எரித்து ஏறத்தாழ 1,300 பாகைச் சூட்டில் வேகவைத்தார்கள். அந்தச் சூட்டில் மண்ணுக்குள்ளேயே ஒரு பகுதி உருகிக் கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது. தண்ணீரையோ புளியையோ மண் உறிஞ்சாது. கல்போல் ஆன இந்த வகையைத்தான் ஸ்டோன்வேர் என்கிறார்கள். நம் ஊறுகாய் ஜாடியும் அந்த இனம்தான். பட்டறையில் வேலை செய்தவர்கள் அக்கம்பக்கத்துத் தமிழர்கள். அங்கே பழகியவர்களும் படித்தவர்களும் பிறகு பாண்டிச்சேரி, ஆரோவில் வட்டாரத்தில் தனித்தனிப் பட்டறைகள் அமைத்தார்கள். இன்று தமிழ்நாட்டில் கையால் செய்த சாப்பாட்டுத் தட்டு ஒன்றை எடுத்தால் அதன் குருபரம்பரை பெரும்பாலும் அந்த இடத்துக்குத்தான் போய்ச் சேரும்.

ஜப்பானிலிருந்து இந்தியாவுக்கு இந்தக் கலை வந்த வழி அதற்கும் முந்தையது. சர்தார் குர்சரண் சிங் 1920 வாக்கில் ஜப்பானுக்குப் போய்ப் பீங்கான் தொழில் படித்தார். அங்கேதான் யானகி சோயெட்சு, ஹமாதா ஷோஜி, இங்கிலாந்துக்காரரான பெர்னார்ட் லீச் ஆகியோரின் வட்டத்தோடு பழகினார். திரும்பி வந்து 1952-இல் டெல்லியில் பட்டறை அமைத்தார். பிற்பாடு இமாசலத்தின் ஆந்த்ரேட்டாவுக்குப் போனார். கிராமத்து ஏழைகள் தினமும் புழங்குகிற பாத்திரத்தில்தான் பெரிய அழகு இருக்கிறது என்று அந்த வட்டம் உறுதியாக நம்பியது. 1936-இல் டோக்கியோவில் யானகி அதற்காகவே ஒரு காட்சியகம் திறந்தார். ஹமாதா மஷிகோ என்கிற கிராமத்தில் குடியேறி, ஊர் மண்ணிலேயே வனைந்தார். தன் பாத்திரங்களில் அவர் கையெழுத்துப் போடவில்லை.

கியோட்டோவில் ஒரு கோயிலில் கிஸாயெமோன் என்று பேர் பெற்ற ஒரு கிண்ணம் இருக்கிறது. கொரியாவில் யாரோ செய்தது. செய்தவர் பேர் தெரியாது. ஏழையின் சாப்பாட்டுக் கிண்ணம் அது என்று யானகி கருதினார். தேநீர்ச் சடங்கு செய்கிறவர்கள் கண்ணில் பட்டு, கைமாறிக் கைமாறி, இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷமாகப் பெட்டிக்குள் பெட்டியாக வைத்துக் காக்கப்படுகிறது. எனக்கு அந்தக் கிண்ணத்தின்மேல் மரியாதையும் உண்டு, வருத்தமும் உண்டு. சோறு போட்டுத் தின்ன வனைந்த ஒன்று, இனி ஒருநாளும் சோற்றைப் பார்க்காது.

ஆனால் ஜப்பான் வீடுகள் அந்தக் கிண்ணத்தோடு நின்றுவிடவில்லை. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிச் சோற்றுக் கிண்ணம் உண்டு. அப்பாவின் கிண்ணத்தில் மகன் சாப்பிட மாட்டான். கணவன் மனைவிக்கு இணைக் கிண்ணங்கள் விற்பார்கள்; கணவனுடையது பெரிது, மனைவியுடையது சின்னது. அதைப் பார்க்கும்போது சட்டியைத் துடைத்துத் தின்ற அப்பத்தா நினைவுக்கு வருகிறாள். என்றாலும் சின்னதோ பெரிதோ, அந்த வீட்டுக்காரிக்குச் சொந்தமாக ஒன்று இருந்தது.

ஆளுக்கொரு பாத்திரம் என்கிற வழக்கம் நம்மிடமும் இருந்ததோ என்று கீழடி அருங்காட்சியகத்தில் நின்றபோது யோசித்தேன். 2023-இல் திறந்த அருங்காட்சியகம் அது. எங்கள் மேகமலை, வருசநாட்டு மலைகளில் ஊற்றெடுக்கிற வைகை, மதுரையைத் தாண்டி அந்த ஊர்ப் பக்கமாகத்தான் போகிறது. அங்கே கிடைத்த கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளில் ஆதன் என்றும் உதிரன் என்றும் தமிழ் எழுத்தில் பேர் கீறியிருக்கிறார்கள். அந்த நிறமும் எதேச்சையாக வந்ததல்ல. பாத்திரத்தைக் கவிழ்த்துச் சுடும்போது, காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுக்கும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். தீயைப் புரிந்துகொண்டவனால்தான் அதைச் செய்ய முடியும். பானை சட்டியோடு அந்த மண்ணில் கிண்ணமும் தட்டும்கூடச் செய்தார்கள், உண்டார்கள். ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த நடுகற்களிலும் அதே பழந்தமிழ் எழுத்து இருக்கிறது. எங்கள் மாவட்டத்துக்கும் எழுத்துக்கும் அவ்வளவு பழைய உறவு.

ஆதன் என்று ஓட்டில் கீறிய கைக்கும், எங்கள் அம்மா பேரை எவர்சில்வரில் வெட்டிய கைக்கும் நடுவே ஈராயிரம் வருசம். இடையில் பானை எத்தனையோ மாறியிருக்கிறது. என் சோறு, என் பாத்திரம் என்கிற ஆசை மாறவில்லை.

இப்போதைய தேனியைச் சொல்கிறேன். புறவழிச்சாலையில் மண்பானைச் சமையல் என்று பலகை வைத்த உணவகங்கள் வந்துவிட்டன. மலைமேல் விடுதிகளில் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் ஸ்டோன்வேர் தட்டில் வருகின்றன. அம்மா கொல்லைக்குத் தள்ளிய மண்சட்டி வரவேற்பறையில் இருக்கிறது. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை, மகிழ்ச்சிதான். எந்த வழியாக வந்தாலும் வரட்டும். என் கவலை வேறு இரண்டு.

முதல் கவலை என் அண்ணன் மகளிடமிருந்து தொடங்கியது. பெங்களூரில் வேலை பார்க்கிறாள். சனி ஞாயிறுகளில் மண் பிசையப் பழகி, ஜப்பான் பாணியில் தட்டும் கிண்ணமும் செய்கிறாள். நன்றாகவே செய்கிறாள். எனக்கென்று ஒரு தட்டு கொண்டுவந்தாள். இலைச்சாம்பல் நிறம், குழம்பு வழியாதபடி விளிம்பு லேசாக மேலே எழும்பியிருந்தது. கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்களுக்கென்றே நினைத்துச் செய்த தட்டு. கொடுத்துவிட்டு, ஷோகேஸில் எங்கே வைக்கலாம் என்று இடம் தேடினாள்.

"ஏம்மா, இதுல சோறு போடக் கூடாதா?"

"போடலாம் அத்தை. கறை பட்டுரும், உடைஞ்சிருமோன்னு பயம்."

"உடைஞ்சா இன்னொண்ணு செய்யி. அதுக்குத்தான ஒனக்குக் கை இருக்கு."

அன்றைக்கு மத்தியானம் அதில்தான் சாப்பிட்டேன். சுடு சோறு, மொச்சைக் குழம்பு, அப்பளம். எவர்சில்வரில் சோறு சீக்கிரம் ஆறிவிடும். இந்தத் தட்டு சூட்டைப் பிடித்துவைத்து மெல்ல விட்டது. கனம் இருப்பதால் பிசையும்போது நகரவில்லை. அடிப்பக்கம் அவள் பேர் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். இல்லை. "சாப்பிடறவங்க தட்டுத்தான அத்தை" என்றாள். அன்று முதல் தினமும் அதே தட்டுதான். புளியும் மஞ்சளும் படுகிறது, கழுவினால் போகிறது. ஓரத்தில் ஒரு சிறு சில்லுப் பெயர்ந்திருக்கிறது. அதனால் அதன் மதிப்புக் குறைந்ததாக நான் நினைக்கவில்லை.

இரண்டாவது கவலை பெரிது. இந்தத் திரும்பி வருதலில் எங்கள் ஊர் வேளார்களுக்கு இடம் இல்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு அக்கினிச்சட்டி, தைக்குப் பொங்கல் பானை, கார்த்திகைக்கு அகல், மிச்ச நாளில் பூந்தொட்டி என்று அவர்கள் பிழைப்பு ஓடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை தெய்வத்துக்கு மண் வேண்டியிருக்கிறது. தினசரிச் சோற்றுக்கு வேண்டியிருக்கவில்லை. பொங்கல் தொகுப்பில் அரிசி, கரும்போடு மண்பானையும் அடுப்பும் சேர்த்துக் கொடுங்கள் என்று மண்பாண்டத் தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். மிக நியாயமான கோரிக்கை அது.

வேளார் தெருவில் ஒருவரிடம் கேட்டேன், தட்டும் கிண்ணமும் செய்யலாமே என்று. அவர் சக்கரத்திலிருந்து கையெடுக்காமல் சொன்னார்: "வனையறது பெருசில்லீங்கம்மா. நம்ம சூளையில வெந்தது தண்ணி உறிஞ்சும். கொழம்பு ஊத்துனா மறுநா வாடை போகாது. அந்தச் சூட்டுக்கு இந்த மண்ணை ஏத்துனா நெளிஞ்சு உக்காந்துரும்."

நாலே வாக்கியத்தில் முழுத் தொழில்நுட்பத்தையும் சொல்லிவிட்டார். ஊர்ச் சூளையின் சூடு பெரும்பாலும் ஆயிரம் பாகைக்குள். கண்மாய்க் களிமண்ணில் இரும்பு மிகுதி. 1,200-க்கு மேல் போனால் உப்பும், உருகும். அதைத் தாங்கவைக்க வெள்ளைக் களிமண் கலக்க வேண்டும், உள்ளே கண்ணாடிபோல் இறுக ஃபெல்ஸ்பார் என்கிற கனிமம் சேர்க்க வேண்டும், தீச்செங்கல்லில் மூடிய சூளை கட்ட வேண்டும். இவை ஒன்றும் ஜப்பானிலிருந்து வர வேண்டியவை அல்ல. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. அதை நம்பியே பக்கத்து விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை வளர்ந்தது. அங்கே அரசின் செராமிக் தொழில்நுட்பப் பயிலகமும் இருக்கிறது. சவுக்கு எரித்து 1,300 பாகைக்குப் போகத் தெரிந்த தமிழ்க் கைகள் பாண்டிச்சேரியில் இருக்கின்றன. கல்லும் பலகையும் பிடித்து மண்ணைக் காகிதமாகத் தட்டத் தெரிந்த கைகள் தேனியில் இருக்கின்றன. இந்த இரண்டு கைகளும் சந்திக்க நடுவில் ஒரு நாள் பஸ் பயணம்தான்.

மண்ணுக்கும் அவர்கள் அலைய வேண்டியிருந்தது. கண்மாயில் ஒரு வண்டி மண் எடுக்கவும் கலெக்டர் ஆபீஸ் வரை போக வேண்டிய நிலை இருந்தது. 2024-இல் தமிழக அரசு அந்த விதியைத் தளர்த்தி, விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் தாசில்தார் அளவிலேயே அனுமதி பெற்று இலவசமாக வண்டல் எடுக்கலாம் என்றது. நல்ல முடிவு. மண் கிடைக்கும் வழி திறந்திருக்கிறது. அடுத்து வேண்டியது சூளையும் பயிற்சியும் வாங்குகிற ஆளும்.

கையால் செய்த நல்ல தட்டு ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பது இன்று அரிது. ஒரு பட்டறைக்காரருக்கு அது அதிக விலை இல்லை. விறகு, மெருகு, உடைந்துபோனவை, நாள்கணக்கான உழைப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் நெல் அறுக்கிற வீட்டுக்கு அது எட்டாது. எங்கள் பள்ளத்தாக்கின் வேளார்கள் ஒரு சூளையைப் பொதுவில் வைத்து நூற்றுக்கணக்கில் செய்தால் விலை பாதியாகும் என்று நான் நம்புகிறேன். யானகியும் ஹமாதாவும் கொண்டாடியது அப்படிப்பட்ட தட்டைத்தான்: ஊர்க்காரர் செய்து, ஊர்க்காரர் வாங்கி, தினமும் சாப்பிட்டு, உடைந்தால் மறுபடி வாங்குவது.

வாங்குகிற உங்களிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். மெருகு பூசிய தட்டு வாங்கினால், பூச்சில் ஈயம் கலந்திருக்கிறதா என்று செய்தவரிடம் கேளுங்கள். குறைந்த சூட்டில் வெந்த, கண்ணைப் பறிக்கிற நிறப் பூச்சுகளில் அது இருக்கக்கூடும், புளியும் தயிரும் அதைக் கரைத்துச் சோற்றில் சேர்த்துவிடும். மெருகில்லாத சட்டி வாங்கினால் கழனித்தண்ணீர் ஊற்றிப் பழக்குங்கள். வீட்டில் ஆளுக்கொரு தட்டு வாங்குங்கள், கடைசியாகச் சாப்பிடுகிறவருக்கு முதலில் வாங்குங்கள். சித்திரையில் வீரபாண்டிக்கு வருகிறவர்கள் அக்கினிச்சட்டி வாங்குகிற அதே கடையில் ஒரு குழம்புச்சட்டியும் தட்டிப் பார்த்து வாங்கிப் போங்கள். வாங்கியதை ஷோகேஸில் வைக்காதீர்கள். பழக்கி முடித்த அன்றே அதில் குழம்பு வையுங்கள்.